சோழியும் கல்தூணும்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தினுள் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 18 அடி உயரமும் 10 டன் எடையும் உடைய அத்தூண், கிழக்கிந்தியக் கும்பினியார் 1792ஆம் ஆண்டில் அங்கு எழுப்பிய வானாய்வகத்தின் நடுத்தூணாக இருந்து, விண்மீன் நோக்கும் கருவியைத் தாங்கி நின்றது. அதன்மேல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒரு செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயரின் கொடையால் கணித அறிவியல்கள் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிந்துகொள்ளவேண்டும் என்பதே அச்செய்தியின் சாரம்.

கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. ஆயினும் கல்லில் உள்ளது என்பதற்காகவே ஒரு கூற்று மெய்யாகிவிடாது. 15ஆம் நூற்றாண்டில் சமர்க்கண்டில் உலூக் பெக் அமைத்த வானாய்வகத்தையும், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சவாய் ஜெய்சிங் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் எழுப்பிய ஜந்தர் மந்தர்களையும் அறிந்தோர்க்கு இக்கூற்றின் பொருத்தமின்மை விளங்கும். ஆனால் இக்கூற்றை மறுப்பது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தூண் நடப்பெற்ற காலத்தை ஒட்டி, அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, தமிழகத்தில் வானநூல் அறிவு எந்நிலையில் இருந்தது? அவ்வறிவின் வலிமை யாது, குறை யாது? இவற்றை ஐரோப்பியர் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டே ஆராய்வதும், அதிலிருந்து மொழித்துறையினராகிய நாம் கற்கவேண்டியது யாது எனக் காண்பதுமே நோக்கம்.

கணியர் மரபு

வானத்தை நோக்கிக் காலத்தைக் கணிப்போரைக் கணியர் என்று நம் முன்னோர் அழைத்தனர். கணியன் பூங்குன்றனார் என்னும் பெயரிலேயே அத்தொழில் ஒட்டிக்கொண்டுள்ளது. ஞாயிற்றின் வழியையும் அதன் வேகத்தையும் காற்று இயங்கும் திசையையும் நேரிற் சென்று அளந்தவரைப் போல உரைப்போர் உளர் என்று புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் கூறுகிறார். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வஞ்சியை விட்டு நீங்கி 32 திங்கள் ஆயின என்று கணக்கிட்டுச் சொல்பவனும் கணியே.

இவற்றைக் காட்டி, இன்றைய வானியல் கண்டவை அனைத்தையும் சங்கச் சான்றோர் முன்பே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது சான்றோர்க்கும் பெருமை தருவதன்று. அறிவியலுக்கும் நன்மை செய்வதன்று. மேற்கண்ட சான்றுகள் நமக்கு உறுதியாகத் தெரிவிப்பது ஒன்றே. வானத்தை அளக்கலாம், எண்ணலாம் என்னும் எண்ணமும் அதனையே தொழிலாகக் கொண்டோரும் இந்நாட்டில் இருந்தனர். அவர்கள் எவ்வாறு எண்ணினர் என்பதற்கான விரிவான சான்று பிற்காலத்திலேதான் நமக்குக் கிடைக்கிறது. அச்சான்றுகளுள் தலையாயது வாக்கிய முறை.

வாக்கியத்துள் அடங்கிய வானம்

நிலவு நாள்தோறும் ஒரே வேகத்தில் வானில் நகர்வதில்லை. புவியைச் சுற்றும் அதன் பாதை செம்மையான வட்டமன்று. புவிக்கு மிக அணுகி வரும்போது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் தொலைவிலும், மிக அகலும்போது ஏறத்தாழ 4,05,000 கிலோமீட்டர் தொலைவிலும் அது இருக்கிறது. அணுகும்போது விரைந்தும் அகலும்போது தளர்ந்தும் செல்கிறது. ஆகவே ஒரு நாளில் 15 பாகை வரை கடப்பதும் உண்டு. 12 பாகைக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு விரைவும் தளர்வும் மாறி வந்து ஒரு சுற்று முடிவதற்கு 27.55 நாள்கள் ஆகின்றன. இச்சுற்று முழு எண்ணாக அமையாமையால் நாட்கணக்கில் அட்டவணை இடுவது கடினம். ஆனால் 9 சுற்றுகளைச் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ மிச்சமே இல்லாமல் 248 நாள்கள் வந்துவிடுகின்றன. 248 நாள்களுக்கும் நிலவின் நகர்வை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், அடுத்த 248 நாள்களுக்கும் அதே பட்டியல் சிறு திருத்தத்துடன் பயன்படும்.

நம் பஞ்சாங்கக் கணிதர் இவ்வுண்மையைக் கையாண்டனர். நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஓர் எண். வரருசி என்பாருடைய பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்கள் வடமொழியில் அமைந்தவை. அவற்றில் எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. கடபயாதி எனப்படும் அம்முறையில் க முதலாக எழுத்துகள் 1, 2, 3 என எண்களைக் குறிக்கும். சொல்லைத் தலைகீழாகப் படித்து எண்ணைப் பெறவேண்டும். எடுத்துக்காட்டாக, ‘ஜய’ என்னும் சொல்லில் ஜ 8, ய 1. திருப்பிப் படித்தால் 18. இவ்வாறு பொருளுள்ள சிறு தொடராக ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஏடும் எழுத்தாணியும் இன்றியே வானத்தின் அட்டவணையை ஒருவர் நாவில் சுமந்து செல்ல இயன்றது இதனால்தான். இம்முறையை விளக்கும் வாக்கியகரணம் என்னும் நூல் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழகப் பகுதியில் எழுந்தது என்பர். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதனைப் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளியிட்டனர்.

கிரகணத்தைக் கணிக்க நிலவின் வேகம் மட்டும் போதாது. நிலவின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. அச்சாய்வு இல்லாவிடின் ஒவ்வொரு முழுநிலா நாளிலும் புவியின் நிழல் நிலவின்மேல் விழும். ஒவ்வொரு அமாவாசையிலும் நிலவு ஞாயிற்றை மறைக்கும். இரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இரு புள்ளிகளை ஒட்டி நிலவு வரும்போது மட்டுமே கிரகணம் நிகழ்கிறது. அவ்விரு புள்ளிகளும் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒருமுறை சுற்றுகின்றன. அவைதாம் பஞ்சாங்கத்தின் இராகுவும் கேதுவும். பாம்பு விழுங்கும் கதை திண்ணையில் சொல்லப்பட்டது. கணிதரோ அப்பாம்பின் தலையையும் வாலையும் வெறும் புள்ளிகளாகக் கொண்டு அவற்றின் இருப்பிடத்தைப் பாகை, கலை எனக் கணக்கிட்டார். ஒரே வீட்டில், ஒரே பெயரால், கதையும் கணிதமும் அருகருகே வாழ்ந்தன என்பது நம் பண்பாட்டு வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது.

முகில் மறைத்த வெள்ளி

இவ்வறிவை முதன்முதலில் நேரில் கண்டு ஐரோப்பாவுக்கு விரிவாக எடுத்துச்சொன்னோருள் ஒருவர் கியோம் லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார். அவர் புதுச்சேரிக்கு வந்த காரணம் வேறு. ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடையே வெள்ளி என்னும் கோள் நேர்க்கோட்டில் வரும்போது, ஞாயிற்றின் ஒளிமுகத்தில் ஒரு கரும்புள்ளியாக அது கடந்து செல்லும். இதனை வெள்ளிக் கடப்பு என்கிறோம். புவியின் தொலைவான இரண்டு இடங்களில் இருந்து நோக்கினால் அப்புள்ளி செல்லும் தடம் சற்றே விலகித் தோன்றும். அவ்விலக்கத்தை அளந்தால் ஞாயிற்றின் தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் எடுத்துரைத்தார். இக்கடப்பு அரிதானது. 8 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழும். பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிகழாது. 1761இலும் 1769இலும் அது நிகழவிருந்தது.

1761ஆம் ஆண்டுக் கடப்பைப் புதுச்சேரியில் இருந்து காண்பதற்காக லெ ஜாந்தி 1760இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. கடப்பு நிகழ்ந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவை எதுவும் எடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக 8 ஆண்டுகள் கீழைக்கடல்களிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரியை அடைந்து, போரில் இடிந்த கட்டடங்களின்மேல் தம் வானாய்வகத்தை அமைத்துக் காத்திருந்தார். அதற்கு முந்தைய நாள்களில் வானம் தெளிந்தே இருந்தது. கடப்பு நிகழ்ந்த 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மட்டும் முகில் மூடியது. கடப்பு முடிந்தபின் ஞாயிறு ஒளிவீசியது. அவர் 1771இல் நாடு திரும்பியபோது, இறந்துவிட்டார் எனக் கருதி உறவினர் அவருடைய உடைமையைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவருடைய இருக்கையும் பிறருக்குப் போயிருந்தது.

வந்த வேலை வாய்க்காத லெ ஜாந்தி, புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழ்க் கணிதரிடம் அமர்ந்து அவர்தம் கிரகணக் கணக்கைக் கற்றார். அவர்கள் தாளும் எழுதுகோலும் இல்லாமல் சோழிகளைப் பரப்பி வைத்து விரைந்து கணக்கிடுவதைக் கண்டு வியந்து எழுதினார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தமிழ் முறைப்படி வந்த கால அளவு உண்மையினும் 41 நொடி குறைந்திருந்தது. அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மேயருடையது 68 நொடி மிகுந்திருந்தது என்று அவர் பதிவு செய்தார். ஒரு கிரகணத்தின் முடிவைக் கொண்டு ஒரு மரபினும் மற்றொரு மரபு உயர்ந்தது எனல் பொருந்தாது. எனினும் கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலில் ஊன்றப்பட்டது 1792இல் என்று கூறும் தூணுக்கு, அதற்கு இருபதாண்டுக்கு முந்தைய இந்த 41 நொடியே போதிய விடை. தூண் நாட்டப்பெற்ற அதே 1792ஆம் ஆண்டில்தான் லெ ஜாந்தியும் மறைந்தார்.

ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

இனி மறுபக்கத்தையும் காண்போம். ஜான் வாரன் ஆங்கிலேயரின் படையில் பணியாற்றியவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகப் பொறுப்பையும் வகித்தவர். தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளை எல்லாம் திரட்டி, ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். அந்நூலில் அவர் தரும் ஒரு நிகழ்ச்சி வரலாற்றுச் சிறப்புடையது. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை வாரன் முன்னிலையில் கணக்கிட்டுக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பினார். மனத்தில் இருந்த வாக்கியங்களைக் கொண்டு எண்களைப் பெற்றார். கூட்டியும் கழித்தும் சோழிகளை நகர்த்தினார். எழுத்து ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய விடையை உண்மை நேரத்தோடு ஒப்பிட்டவர் கணித வரலாற்று அறிஞர் ஓட்டோ நியூகெபவர். 1952இல் அவர் தமிழ் வானநூலைப் பற்றி எழுதிய கட்டுரையில், கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாகக் காட்டினார். 248 நாட் கணக்கு பழைய பாபிலோனிய ஏடுகளிலும் காணப்படுவதைச் சுட்டி, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எண்முறை ஒன்றின் தொடர்ச்சி 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உயிரோடு இருந்தது என்று வியந்தார்.

வாரன் மற்றொன்றும் எழுதினார். அக்கணிதர் தாம் கையாண்ட முறையின் அடிப்படைக் கொள்கை எதனையும் அறிந்தவரல்லர். நினைவாற்றலே அவருடைய கருவி என்றார். இக்கூற்றை அயலாரின் செருக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. வாக்கிய முறையின் ஆற்றல் எதுவோ, அதுவே அதன் நலிவும் ஆயிற்று. காரணம் அறியாதவரும் கணக்கிடலாம் என்பது அதன் ஆற்றல். காரணம் அறியாதவர் அதனைத் திருத்த இயலாது என்பது அதன் நலிவு. அண்டையிலேயே வேறொரு வழியும் இருந்தது. கேரளத்துப் பரமேசுவரர், 50 ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களைத் தம் கண்ணால் நோக்கி, பழைய எண்கள் வானத்தோடு ஒவ்வாமை கண்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். திருக் என்பது காண்டல். கண்டதற்கு ஏற்பக் கணக்கை மாற்றுதலே திருக்கணிதம். ஆகவே திருத்தம் என்பது வெளியில் இருந்து வந்த கொள்கையன்று. நம் மரபினுள்ளேயே இருந்தது. அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை என்பதுதான் குறை. காண்போர் காரணம் அறிந்து திருத்திய வரையில் மரபு வளர்ந்தது. மனப்பாடம் மட்டும் எஞ்சியபோது 52 நிமிடம் பிழைத்தது.

வானாய்வகத்தின் வாழ்வு

தூணின் கூற்றை மறுத்தோம் என்பதற்காக, அத்தூணின் பணியை மறைத்தல் முறையாகாது. 1786இல் வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி எழும்பூரில் தமக்கென அமைத்துக்கொண்ட வானாய்வகமே பின்னர் அரசினரிடம் வந்து, மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. கடலோடிகளுக்கும் நில அளவையாளருக்கும் இடத்தையும் காலத்தையும் வரையறுத்துத் தருதலே அதன் முதற்பணி. டாப்பிங் 1794இல் 8 மாணவரோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வித்து. 1802இல் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, இவ்வானாய்வகம் வரையறுத்த இடத்தை அடிப்படையாகக் கொண்டது. டி.ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து வெளியிட்ட பட்டியல் உலகெங்கும் பாராட்டப்பெற்றது. 1861இல் நார்மன் பாக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். 1906இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை, நாட்டின் இருப்புப் பாதைகள் சென்னை நேரத்தைக் கொண்டே இயங்கின.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் சென்னை மாகாணத்தின் வடபகுதியைக் கடந்தது. குண்டூரில் இருந்து பியர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் இருந்து பாக்சனும் நிறமாலைக் கருவி கொண்டு அதனை நோக்கினர். ஞாயிற்றின் விளிம்பில் எழும் தழல்களின் ஒளியில் ஒரு மஞ்சட் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடுகளோடு அது பொருந்தவில்லை. புவியில் அதுகாறும் அறியப்படாத தனிமம் ஒன்றின் ஒளி அது என்று பின்னர்த் தெளிந்தனர். ஞாயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹீலியம் என்று பெயரிட்டனர். புவியில் அது கிடைத்தது 1895இல்தான்.

இத்துணைப் பணிகள் நடந்தும், மதிலுக்கு வெளியே வாழ்ந்த மக்களுக்கு அவற்றுள் எது எட்டியது? அட்டவணைகள் ஆங்கிலத்தில் அச்சாகி இலண்டனுக்குப் போயின. நுங்கம்பாக்கத்தாரின் வீடுகளில் பழைய வாக்கியப் பஞ்சாங்கமே தொங்கியது. வானாய்வகத்தினுள் காரணம் இருந்தது. மக்களின் மொழி இல்லை. வெளியே மக்களின் மொழி இருந்தது, காரணம் மங்கியிருந்தது. இவ்விரண்டையும் இணைக்க முயன்ற ஒருவரைப் பற்றி இனி நாம் அறிதல் வேண்டும்.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி

அவர் சென்னை வானாய்வகத்தில் பாக்சனுக்குக் கீழ் முதல் உதவியாளராக விளங்கியவர். விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியலிடும் நெடும்பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1867இல், தென்வானில் தாழ்வாகத் தோன்றும் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் குழுவில், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று இன்று வழங்கும் அது, முதுமையுற்று விரிந்த செம்பூதம். ஏறத்தாழ 9 திங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குவது. வானியலில் புதுமை ஒன்றைக் கண்டறிந்தமைக்காக அக்காலத்து ஏடுகளில் இடம்பெற்ற முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர். 1872இல் இலண்டன் அரச வானநூற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1868 கிரகணத்தின்போது ஐதராபாத் நாட்டு வனபர்த்தியில் ஒரு குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்துக்குச் சென்னைக் குழுவினர் அவிநாசியில் முகாமிட்டனர்.

இத்தகுதிகள் அனைத்தினும் மேலாக நான் போற்றுவது அவருடைய ஒரு சிறு நூலை. லெ ஜாந்தியின் காலத்துக்குப் பின் வெள்ளிக் கடப்பு 1874 டிசம்பர் 9ஆம் நாள் மீண்டும் நிகழவிருந்தது. உலகின் பல நாடுகளும் குழுக்களை அனுப்பிக்கொண்டிருந்த அவ்வேளையில், அந்நிகழ்ச்சியை நம் நாட்டவர்க்கு விளக்குதற்பொருட்டு ரகுநாதாச்சாரி ஒரு நூல் எழுதி, ஆங்கிலத்தோடு உருது, கன்னடம் முதலிய இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். கருவியைத் தொட்டு அளக்கத் தெரிந்த ஒருவர், அளந்ததை எடுத்துக்கொண்டு அறிஞர் கழகத்துக்கு மட்டும் போகாமல் தம் மக்களிடமும் வந்தார். வெள்ளி ஏன் ஞாயிற்றைக் கடக்கிறது, அதனால் எதனை அளக்கலாம் என்று காரணம் சொன்னார்.

அதோடு அவர் நிற்கவில்லை. பழைய வாக்கிய எண்கள் வானத்தோடு ஒவ்வாமையை நாள்தோறும் தம் கருவியில் கண்டவர் அவர். ஆகவே கண்கூடான நிலைக்கு ஏற்பத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பரமேசுவரர் 1431இல் தொடங்கியதைத் தொலைநோக்கியின் துணையோடு மீண்டும் தொடங்கினார் எனலாம். எதிர்ப்பு எழுந்தது. முன்னோர் வகுத்ததை மாற்றுவதா என்று கேட்டோர் இருந்தனர். மாற்றுவதும் முன்னோர் வகுத்ததே என்பது அவர் பணியால் அளித்த மறுமொழி. 1880இல் அவர் மறைந்தார். அவருடைய பெயரை அறிந்த மாணவர்கள் நம் கல்லூரிகளில் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்றும் தொடரும் வேறுபாடு

இவ்வரலாறு முடிந்துபோன பழங்கதையன்று. இன்றும் தமிழர் வீட்டுச் சுவரில் வாக்கியமும் திருக்கணிதமும் தனித்தனியே தொங்குகின்றன. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் நாள். வாக்கியப்படி 2023 டிசம்பர் 20ஆம் நாள். இடைவெளி 11 திங்கள். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அம்மா, சனி ஒன்றுதானே, அது எவ்வாறு இரண்டு நாளில் பெயரும்?” என்று கேட்டாள். அறிவியல் படித்த மாணவியரும் உடன் இருந்த வகுப்பு அது. எவரும் விடை சொல்லவில்லை. சனி ஒன்றுதான். ஞாயிற்றை ஏறத்தாழ 29.5 ஆண்டுகளில் சுற்றிவரும் அக்கோள் எந்தப் பஞ்சாங்கத்தையும் பார்த்து நகர்வதில்லை. ஓர் அட்டவணை வானத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டது. மற்றொன்று திருத்தப்படாமல் நின்றது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சிறு பிழைகளே 11 திங்களாக வளர்ந்தன. வழிபாட்டில் எதனைப் பின்பற்றுவது என்பது அவரவர் குடும்பத்துக்கும் கோயில் மரபுக்கும் உரியது. அதில் நான் தலையிடேன். ஆனால் இரு நாள் ஏன் வந்தது என்னும் வினாவுக்கு விடை அறியாமல் இருப்பது எவருக்கும் மரபாகாது.

அவ்வகுப்பின் அமைதி எனக்கு உணர்த்தியது இது. அம்மாணவியர் கோள்களின் சுற்றுக்காலத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தனர். தேர்வில் எழுதவும் வல்லவர்கள். ஆனால் வீட்டுச் சுவரில் உள்ள சனியும் பாடநூலில் உள்ள கோளும் ஒன்றே என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வாய்க்கவில்லை. பொருள் அறியாமல் வாக்கியத்தை ஒப்பித்த அந்நாளைய கணிதருக்கும், பொருள் உணராமல் சூத்திரத்தை ஒப்பிக்கும் இந்நாளைய மாணவருக்கும் வேறுபாடு குறைவே. அவர் சோழியையாவது சரியாக நகர்த்தினார்.

மொழித்துறையினர் கடன்

சென்னை வானாய்வகத்தின் விண்ணோக்குப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கு ஜான் எவர்ஷெட் 1909இல் ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். சவ்வாது மலையின் காவலூரில் 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய நோக்கலில் நம் வானியலாரும் பங்கு கொண்டனர். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி அங்கு 1986இல் இயங்கத் தொடங்கியது. 1988இல் அம்மலையில் இருந்து ராஜமோகன் கண்ட ஒரு சிறுகோள், கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்கி 4130 என்னும் எண்ணோடு ஞாயிற்றைச் சுற்றுகிறது. வானத்தைக் காணும் இடத்துக்கோ காண்போருக்கோ தமிழகத்தில் என்றும் குறைவில்லை. கண்டதைத் தமிழில் காரணத்தோடு சொல்வோரே வேண்டும்.

லெ ஜாந்தி காணாது போன 1769 கடப்பைப் பிறர் கண்டு அளந்தனர். அவ்வளவைகளைக் கொண்டு லலாந்து 1771இல் ஞாயிற்றின் தொலைவை ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் எனக் கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 14 கோடியே 96 இலட்சம். பிழை இருந்தது, பின் திருத்தினர். எவரும் நாணவில்லை. அறிவுடைமை என்பது பிழை இலாமை அன்று. பிழையைக் கண்டு திருத்தும் துணிவு. வெள்ளிக் கடப்பு 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்தான். அதனைக் காணப்போகும் நம் வழித்தோன்றல்கள், அதற்குரிய விளக்கத்தைத் தமிழில் படிப்பார்களா என்பது இன்று நாம் எழுதுவதைப் பொறுத்தது.

பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் ஆய்வுரையும் வளர்த்துவரும் நம் இலக்கிய வட்டம், வரும் பத்தாண்டில் ஆண்டுக்கு ஒரு கூட்டமேனும் அறிவியல் தமிழுக்கு ஒதுக்கவேண்டும் என்று இம்மலர் வாயிலாக வேண்டுகிறேன். வானியலாரை அழைத்துப் பேசச் செய்வோம்; அவர் தடுமாறும் இடத்தில் சொல் எடுத்துக் கொடுப்போம்; நாம் தடுமாறும் இடத்தில் அவர் பொருள் எடுத்துக் கொடுக்கட்டும். ரகுநாதாச்சாரி 1874இல் தனியொருவராகத் தொடங்கிய பணி அது. இனி அதனைத் தனியொருவர் சுமக்கவேண்டியதில்லை.